பெண்டில் வாடகைக்கு வீடு: மலைக்கும் சேர்த்துத்தான் வாடகையா?

நீலவானம்:
வணக்கம். ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லண்டுக்குப் பக்கத்தில் பீவர்டனில் ஆறு வருடமாக இருக்கிறோம். எனக்கு மலைக்கு அந்தப் பக்கம், பெண்ட் (Bend) என்ற ஊரில் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கணவருக்கு இங்கே பக்கத்து ஹில்ஸ்பரோவில் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் ஆபீஸ் போனால் போதும். பையனுக்கு 7 வயது. வீடு வாங்கும் யோசனை இப்போதைக்கு இல்லை.

இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று ஊரின் மேற்குப் பக்கம், புத்தம் புதுக் கட்டடம், மாதம் 2,350 டாலர். பால்கனியில் நின்றால் த்ரீ சிஸ்டர்ஸ் மலை மூன்றும் தெரியும். இன்னொன்று கிழக்குப் பக்கம், பழைய கட்டடம், 1,740. பால்கனியில் நின்றால் பக்கத்து பில்டிங்கின் குப்பைத் தொட்டி தெரியும். பெண்டுக்குப் பக்கத்து ஊரான ரெட்மண்டில் எடுத்துக்கொண்டு வந்து போகலாமே என்கிறார் கணவர். எனக்கு மேற்கே எடுக்கத்தான் மனசு. திட்டுவதானாலும் திட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை:
திட்டத்தான் வந்தேன் சகோதரி. 2,350இல் 1,740 போனால் 610. அந்தப் பால்கனிக்கு மட்டும் வருடத்துக்கு 7,320 டாலர் கொடுக்கப் போகிறீர்கள்.

நானும் 2021இல் ஆசை ஆசையாகப் போய், இரண்டு வருடம் இருந்துவிட்டு சேலத்துக்கு ஓடி வந்தவன். நம்ம சேலம் இல்லை, ஆரிகன் சேலம். பெண்ட்காரர்களே தங்கள் பிழைப்பை 'மலை தெரியும் வறுமை' என்று கேலி செய்வார்கள். மரம் அறுக்கும் ஊராக இருந்தது. 1990இல் சுமார் 20,000 பேர், 2020 கணக்கெடுப்பில் 99,178. சம்பளம் மட்டும் இன்னும் சின்ன ஊர்ச் சம்பளம், வாடகை பெரிய ஊர் வாடகை. தெற்கே சைனா ஹேட் ரோடு காட்டுக்குள் பழைய ஆர்.வி. வண்டிகளில் நிறையப் பேர் குடியிருந்தார்கள். அதில் காலையில் குளித்துக் கிளம்பி வேலைக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். காட்டுத்தீ அபாயத்தைக் குறைக்கும் வேலைக்காக 2025 மே மாதம் வனத்துறை அந்தப் பகுதியை மூடியது. பால்கனியில் நின்று மலையைப் பார்க்கும்போது இதுவும் கொஞ்சம் ஞாபகம் இருக்கட்டும்.

பீவர்டனிலேயே இருங்கள். மாதம் ஒரு சனி, ஞாயிறு போய்விட்டு வாருங்கள். செலவு பாதிகூட ஆகாது.

ஜூனிபர்:
அண்ணே, அவருக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது. பீவர்டனிலிருந்து தினமும் ஆய்வகத்துக்கு எப்படிப் போவார்? கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் எழுதலாம்.

நான் பெண்டில் ஒன்பது வருடம், மூன்று வீடு, மூன்றும் வாடகை. உங்கள் சனி ஞாயிறு கணக்கையும் பார்ப்போம். போர்ட்லண்டிலிருந்து 160 மைலுக்கு மேல், மூன்றரை மணி நேரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் 26ஆம் நெடுஞ்சாலையில் ஊர்ந்து ராத்திரி பத்து மணிக்கு ஹோட்டலில் இறங்குவீர்கள். சனிக்கிழமை பேச்சலர் மலையில் பனிச்சறுக்கு, ஞாயிற்றுக்கிழமை மூட்டை கட்டல். இதற்குப் பெயர் டூர்.

ஜூன் மாதம் எனக்கு ஐந்தரைக்கு வேலை முடியும். இருட்ட ஒன்பது ஆகும். ஊருக்குள்ளேயே பைலட் பியூட் என்று ஒரு எரிமலைக் குன்று, சுமார் 500 அடி உயரம். ஏறி உச்சிக்குப் போனால் மேற்கே வரிசையாகப் பனிமலை, தெளிவான நாளில் வடக்கே மவுண்ட் ஹூட் வரை. இறங்கி வீட்டுக்கு வந்து ரசம் வைப்பேன். போர்ட்லண்டில் வருடத்துக்கு 36 அங்குலம் மழை, இங்கே 12 அங்குலம்கூட வராது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை சாம்பல் வானத்தையே பார்த்துச் சோர்ந்துபோனவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கணக்குப்பிள்ளை:
//கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் எழுதலாம்//
சரி, வாபஸ். வேலை அங்கேதான். ஆனால் கணவர் வேலை இங்கே. ஜனவரியில் பனிக்கட்டி மேல் கணவாய் தாண்டி ஹில்ஸ்பரோவுக்கு நாலு மணி நேரம் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

அப்புறம் அந்த வெயில். 300 நாள் வெயில் என்று வீடு விற்கிறவர்கள் சொல்வார்கள். காலையில் பத்து நிமிடம் எட்டிப் பார்த்தாலும் அது வெயில் நாள் கணக்கில் சேரும்போல. வெயில் அடிக்கும்போதே குளிர் உறைநிலைக்குக் கீழே இருக்கும். ஜூலையில் பகல் 85 டிகிரி ஃபாரன்ஹீட், விடிகாலை 45. சில வருடம் ஜூலையிலேயே தக்காளிச் செடி உறைபனியில் கருகும்.

என் சொந்தக் கதை இதுதான். முதல் வருடம் 1,795. வருடம் முடிந்ததும் 2,050. 14 சதவீதம். ஆரிகனில்தான் வாடகைக்கு உச்சவரம்புச் சட்டம் உண்டே என்று கேட்டேன். 'அது எங்கள் கட்டடத்துக்குப் பொருந்தாது' என்று ஒரே வரியில் ஈமெயில் வந்தது.

ஜூனிபர்:
உங்கள் கட்டடம் எந்த வருடம் கட்டியது?

கணக்குப்பிள்ளை:
2018.

ஜூனிபர்:
அப்படியானால் அவர்கள் சொன்னது சரிதான். நீலவானம், நீங்கள் படிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஆரிகன் 2019இல் மாநிலம் முழுக்க வாடகை உச்சவரம்பு கொண்டுவந்தது. அமெரிக்காவிலேயே அப்படிச் செய்த முதல் மாநிலம். 7 சதவீதமும் அதோடு விலைவாசி ஏற்றமும் என்று கணக்கு வைத்தார்கள். விலைவாசி எகிறியதும் 2023க்கு அந்தக் கணக்கு 14.6 சதவீதத்தில் போய் நின்றது. எல்லோரும் கத்தியதால் அதே வருடம் சட்டத்தைத் திருத்தி, எப்படிப் போட்டாலும் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். 2026க்கு 9.5. குடிவந்த முதல் வருடம் ஏற்றவே கூடாது. ஏற்றுவதென்றால் 90 நாள் முன்பே எழுத்தில் தர வேண்டும்.

ஆனால் இந்த வரம்பு பொருந்த, கட்டடத்தில் ஆள் குடியேறலாம் என்ற சான்றிதழ் கிடைத்து 15 வருடம் ஆகியிருக்க வேண்டும். அதற்குள் இருக்கும் கட்டடத்துக்கு வரம்பு கிடையாது. உங்கள் மேற்குப் பக்கத்து வீடு புத்தம் புதுசு என்கிறீர்கள். அடுத்த வருடம் 20 சதவீதம் ஏற்றினாலும் சட்டப்படி கேட்க ஆளில்லை. கிழக்குப் பக்கத்து 1,740 பழைய கட்டடமாக இருந்தால், 9.5 சதவீதம் முழுசாக ஏற்றினாலும் 1,905தான்.

கணக்குப்பிள்ளை:
ஆக, நான் சொன்ன கிழக்குப் பக்கத்துக்கே வந்துவிட்டீர்கள் அக்கா.

ஜூனிபர்:
நீங்கள் பீவர்டனிலேயே இரு என்று சொன்னீர்கள். இரண்டும் ஒன்றில்லை.

டூப்ளெக்ஸ்காரர்:
நான் பெண்டில் ஒரு டூப்ளெக்ஸ் வைத்திருக்கிறேன். ஒரு பாதியில் நாங்கள், மறு பாதி வாடகை. கல்லெறிய ஆரம்பிப்பதற்கு முன் என் பக்கத்தையும் கேளுங்கள்.

2019க்கு முன் நல்ல குடித்தனக்காரர் இருந்தால் மூன்று நாலு வருடம் வாடகையைத் தொடவே மாட்டேன். போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். இப்போது ஒரு வருடம் விட்டால் அந்த வருடத்து ஏற்றத்தைப் பிறகு பிடிக்க முடியாது. அதனால் வருடா வருடம் கொஞ்சம் ஏற்றுகிறேன். எனக்குத் தெரிந்த சின்ன உரிமையாளர்கள் எல்லோரும் அப்படித்தான். உச்சவரம்பு என்று போட்டதை எல்லோரும் இலக்காக எடுத்துக்கொண்டார்கள்.

வாடகை ஏறியதற்குக் காரணம் வேறு. இங்கே ஒரு அடி தோண்டினால் எரிமலைக் குழம்பு இறுகிய பாறை. சாக்கடைக் குழாய் பதிக்கக்கூட வெடி வைக்க வேண்டும். அதற்கு மேல் ஊர் எல்லைக்கோடு. 1973 சட்டப்படி ஒவ்வொரு ஊரும் ஒரு கோடு போட்டு அதற்குள்தான் வளர வேண்டும். பெண்ட் தன் கோட்டை நகர்த்தக் கேட்டதை 2010இல் மாநிலம் திருப்பி அனுப்பி, 2016இல்தான் அனுமதித்தது. ஊருக்குள் ஆள் வந்துகொண்டே இருந்தார்கள், கோடு நகரவில்லை. 2020க்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்று சான் பிரான்சிஸ்கோ சம்பளத்தோடு வந்து இறங்கினார்கள். நான் 1,800 கேட்டால் 2,000 தருகிறேன் என்றார்கள். நான் என்ன செய்ய?

ஜூனிபர்:
1,800 வாங்கியிருக்கலாம்.

சும்மா சொன்னேன், கோபிக்காதீர்கள். பாறையும் கோடும் உண்மைதான். ஆனால் ஒருவர் தானாகக் காலி செய்துவிட்டால் அடுத்தவருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம், அங்கே உச்சவரம்பு இல்லை. அதைச் சொல்லாமல் விட்டீர்கள். இந்த ஊரில் ஆள் நிற்காமல் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை உங்களுக்குக் கதவு திறக்கிறது.

எனக்குச் சட்டம் கொடுத்தது பணத்தைவிடப் பெரியது. முதல் வருடம் தாண்டிவிட்டால் காரணமில்லாமல் வெளியே போ என்று சொல்ல முடியாது. வீட்டை இடிக்கிறேன், நானே குடிவருகிறேன் மாதிரி ஒரு காரணம் வேண்டும், 90 நாள் நோட்டீஸ் வேண்டும். என் இரண்டாவது வீட்டில் பாத்ரூம் சுவர் ஊறிப்போய் ஐந்து முறை எழுதினேன். 2019க்கு முன்பாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

டூப்ளெக்ஸ்காரர்:
அது நியாயம். அந்த விதியில் எனக்கும் சண்டை இல்லை.

நீலவானம் அவர்களுக்கு, உரிமையாளர் வேலையை உள்ளிருந்து பார்க்கிறவனாக ஒன்று சொல்கிறேன். மேற்குப் பக்கத்துப் புதுக் கட்டடத்தில் '2,350' என்று விளம்பரமா, அல்லது ஒப்பந்தத்திலேயே 2,350 என்று இருக்கிறதா? புதுக் கட்டடம் நிரம்பும் வரை ஒரு மாதம் இலவசம் என்பார்கள். அந்த இலவசத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பரப்பிப் போட்ட தொகையைத்தான் போர்டில் எழுதுவார்கள். கேட்டுப் பாருங்கள்.

தோசைக்கல்:
நான் சண்டைக்கு வரவில்லை. 3,600 அடி உயரத்தில் மாவு புளிக்குமா?

ஜூனிபர்:
புளிக்கும், பிறகு சொல்கிறேன். தண்ணீர் 96 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், பருப்புக்கு இரண்டு விசில் சேர்த்து வையுங்கள். வடாம் பிழிந்தால் ஒரே நாளில் காய்ந்து சலசலக்கும். ஆனால் பால்கனியில் எதையும் காயப் போடக் கூடாது என்று என் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. அதனால் ராத்திரி எட்டு மணி வெயிலில் திருட்டுத்தனமாகக் காயவைப்பேன்.

நீலவானம்:
எல்லோருக்கும் நன்றி. சண்டை போட்டாலும் உபயோகமாகப் போடுகிறீர்கள். ஒன்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பையனுக்கு வீசிங் உண்டு. புகை எப்படி?

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் என் பதில் இன்னும் உறுதி. ஆகஸ்ட், செப்டம்பரில் எந்தப் பக்கம் காடு எரிந்தாலும் புகை வந்து இந்த ஊரில் உட்காரும். எரியாத வருடமும் உண்டு, அதை நம்பிக் குழந்தையை வைத்திருக்க முடியாது. ஜூலை நாலாம் தேதி பைலட் பியூட்டிலிருந்து வாணவேடிக்கை விடுவார்கள், பல வருடம் அந்தக் குன்றின் புல்லே பற்றிக்கொள்ளும். தீயணைப்பு வண்டி தயாராக நிற்கும், ஜனம் அதையும் கைதட்டிப் பார்க்கும். அப்படிப்பட்ட ஊர்.

ஜூனிபர்:
இதில் அண்ணனோடு சண்டை போட மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

2020 செப்டம்பர். காற்றுத் தரக் குறியீடு 500ஐத் தாண்டியது. அளவுகோலே 500இல் முடிகிறது. நான் அப்போது கிழக்குப் பக்கம் ஒரு பழைய அபார்ட்மென்டில் இருந்தேன். அலுமினிய ஜன்னல், தள்ளித் திறக்கிறது. மூடி வைத்தாலும் சட்டத்துக்கு நடுவில் விரல் நகம் நுழையும் இடைவெளி. முதல் நாள் ராத்திரி ஈரத் துண்டை ஜன்னல் அடியிலும் வாசல் கதவு அடியிலும் அடைத்தேன். காலையில் அந்த வெள்ளைத் துண்டில் பழுப்பாக ஒரு கோடு. கடையில் ஏர் ப்யூரிஃபையர் ஒன்றுகூட இல்லை. 20 அங்குலப் பெட்டி ஃபேனின் பின்பக்கம் வீட்டு ஹீட்டருக்குப் போடும் ஃபர்னஸ் ஃபில்டரை அதே அளவில் வாங்கி டேப் போட்டு ஒட்டி, பெட்ரூமில் ஓடவிட்டு, ஒரு வாரத்துக்கும் மேல் அந்த ஒரே அறையில் இருந்தேன். ஃபில்டர் மூன்றாம் நாள் சாம்பல் நிறம். தாளிக்கவே இல்லை. தயிர்சாதம்தான்.

அதனால் குழந்தைக்கு வீசிங் என்றால் புது ஜன்னலுக்குக் கொடுக்கும் காசு பால்கனிக்குக் கொடுக்கும் காசு இல்லை. இதைச் சொல்லும்போது என் கட்சி எது என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
என் கட்சிக்கு வந்துவிடுங்கள் அக்கா, இடம் இருக்கிறது. புதுக் கட்டடத்தில்தான் நானும் இருந்தேன். ஜன்னல் நன்றாகத்தான் மூடியது. வாடகைதான் திறந்துகொண்டது.

டூப்ளெக்ஸ்காரர்:
நடுவில் ஒரு வழி உண்டு. பழைய கட்டடம் எல்லாம் ஒன்றல்ல. 70களில் கட்டியதில் அக்கா சொன்ன ஜன்னல், சுவரோரம் மின்சார ஹீட்டர். டிசம்பரில் பில் வரும்போது நெஞ்சு படபடக்கும். 2000க்குப் பிறகு கட்டியதில் இரட்டைக் கண்ணாடி இருக்கும், 15 வருடமும் தாண்டியிருக்கும், உச்சவரம்பும் பொருந்தும். ஏ.சி. இல்லாவிட்டால் கவலை வேண்டாம். 2021 ஜூன் வெப்ப அலைக்குப் பிறகு, குடித்தனக்காரர் தன் சொந்த போர்ட்டபிள் ஏ.சி. வைப்பதைப் பொதுவாகத் தடுக்கக் கூடாது என்று 2022இல் சட்டம் வந்துவிட்டது. நான் தடுத்திருக்கிறேனா என்று கேட்காதீர்கள்.

பார்க்கப் போகும்போது ஜன்னலை மூடி, அதன் ஓரத்தில் ஊதுபத்தி காட்டுங்கள். புகை ஆடினால் வேண்டாம்.

ரெட்மண்ட் பற்றி யாரும் பேசவில்லை. 16, 17 மைல்தான், விமான நிலையமும் அங்கேதான், வாடகை குறைவு. ஆனால் 97ஆம் நெடுஞ்சாலையில் காலை ஏழரைக்கு எல்லோரும் உங்களோடு வருவார்கள். புகை அங்கேயும் இதே புகைதான்.

நீலவானம்:
போன வாரம் போய்விட்டு வந்தேன்.

மேற்குப் பக்கத்தில் டூப்ளெக்ஸ்காரர் சொன்னதைக் கேட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒப்பந்தத்தைத் திருப்பிக் காட்டினாள். வாடகை 2,565. ஒரு மாதம் இலவசம். பதினொரு மாதத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 2,351. அடுத்த வருட ஏற்றம் எந்தத் தொகையின் மேல் என்றேன். 2,565 மேல்தானாம். மலை மூன்றும் அழகாகத்தான் தெரிந்தன. இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

கிழக்குப் பக்கத்துக் கட்டடம் 2004. சான்றிதழ் தேதியை ஈமெயிலில் எழுதித் தரச் சொல்லி வாங்கிவிட்டேன். இரட்டைக் கண்ணாடி ஜன்னல். ஊதுபத்தி ஏற்றியதும் காட்ட வந்தவர் கொஞ்சம் பயந்துவிட்டார், பூஜை என்று நினைத்தாரோ என்னவோ. ஹால் ஜன்னலில் புகை நேராக நின்றது, பையன் ரூமில் லேசாக ஆடியது. அங்கே ரப்பர் பட்டை மாற்றித் தருவதாக எழுதி வாங்கியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டாச்சு. கணவர் மட்டும் இன்னும் ரெட்மண்ட் என்று முனகுகிறார். அவருக்குப் பனியில் வழுக்காத ஆணி டயர் வாங்க வேண்டும், நவம்பர் 1க்கு முன் போடக் கூடாதாமே?

கணக்குப்பிள்ளை:
நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. கிளம்புவதற்கு முன் ட்ரிப்செக் என்ற ஆரிகன் சாலைத் தகவல் தளத்தில் கணவாய் கேமராவைப் பார்க்கச் சொல்லுங்கள். சாமான் இறக்குவதற்கு முன் கார்ப்பெட்டை மூலை மூலையாக ஃபோட்டோ எடுத்துத் தேதியோடு அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள். என் சைக்கிள் மண் என்று சொல்லி 400 டாலர் பிடித்தார்கள். அது எனக்கு முன் இருந்தவரின் நாய்.

நீங்கள் அங்கே போவது தப்பு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் எடுத்த வீடு சரி.

தோசைக்கல்:
மாவு?

ஜூனிபர்:
மறக்கவில்லை தம்பி. ராத்திரி வீடு 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கிவிடும், வெளியில் வைத்தால் மூன்று நாள் ஆனாலும் அப்படியே கிடக்கும். ஓவனுக்குள் வைத்து லைட்டை மட்டும் போடுங்கள், காலையில் பொங்கியிருக்கும். பாத்திரத்துக்கு அடியில் தட்டு வைக்க மறக்காதீர்கள். முதல் வீட்டில் வழிந்து காய்ந்ததைச் சுத்தம் செய்ததாக டெபாசிட்டில் 85 டாலர் எடுத்துக்கொண்டார்கள்.